மெலிந்த ஆக்சலாட்டலும் நல்ல நீரும்

நாய், பூனை, கிளி முதலியவற்றை வளர்ப்போர் அவை நோயுற்றால் குரலைக் கொண்டும் முகத்தைக் கொண்டும் எளிதில் அறிந்துகொள்வர். நீரில் வாழும் உயிர் குரல் கொடுப்பதில்லை; முகம் சுளிப்பதுமில்லை. அதன் துன்பத்தை அதன் உடலே சொல்லவேண்டும். அவ்வாறு வாய் திறவாமல் மெலியும் உயிர்களுள் ஒன்று ஆக்சலாட்டல். வண்ணமீன் வளர்ப்போரின் கண்ணாடித் தொட்டிகளில் இன்று இதற்கும் இடம் கிடைத்துவிட்டது. அழகைக் கண்டு வாங்கியவர், சில திங்களில் அது இளைத்துப் போவதைக் கண்டு, "இதற்கு என்ன தீனி கொடுத்தால் தேறும்?" என்று கேட்கின்றனர்.

கேள்வி நல்லதே. ஆனால் அதற்கு முன்னே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இது இருக்கும் நீர் எப்படி இருக்கிறது?" என்பதே அது. மெலிந்த ஆக்சலாட்டலுக்கு முதல் மருந்து நீர், தீனி இரண்டாவது. இதன் காரணத்தையும், தீனி கொடுக்கும் முறையையும் இக்கட்டுரையில் முறையாகக் காண்போம். வெப்பநிலை அளவுகள் யாவும் சென்டிகிரேட் கணக்கில் தரப்பட்டுள்ளன.

விலங்கின் இயல்பு

ஆக்சலாட்டல் மீனன்று. தவளையைப் போல நிலநீர் வாழ்வன என்னும் வகுப்பைச் சேர்ந்தது. அவ்வகுப்பில் வாலுடைய சாலமாண்டர் இனம். மற்றச் சாலமாண்டர்களுள் பல இளமையில் செவுள்களோடு நீரில் வாழ்ந்து, பின்னர் உருமாறிக் கரையேறுகின்றன. ஆக்சலாட்டலோ தலையின் இருபுறமும் இறகுபோல் விரிந்த செவுள்களோடு, இளமைக் கோலத்திலேயே முதிர்ந்து, முட்டையிட்டு, நீரிலேயே வாழ்நாளைக் கழிக்கிறது. நன்கு பேணினால் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வாழும். வளர்ந்த விலங்கின் நீளம் பொதுவாக 20 முதல் 25 செ.மீ. வரை இருக்கும்.

1864-இல் மெக்சிகோவிலிருந்து பாரிஸ் நகருக்கு 34 ஆக்சலாட்டல்கள் உயிரோடு கொண்டுவரப்பட்டன. அவற்றுள் ஆறு, அந்நகரத்து உயிரியல் பூங்காவில் பணியாற்றிய ஒகுஸ்த் துமெரில் என்னும் அறிஞர் கைக்கு வந்தன. அவை ஈன்ற குஞ்சுகளுள் சில செவுள் இழந்து, உருமாறி நின்றதைக் கண்டு அறிவியல் உலகம் வியந்தது. 1920-இல் ஜூலியன் ஹக்ஸ்லி, தைராய்டுச் சுரப்பியைத் தீனியாகக் கொடுத்தால் இவ்வுருமாற்றம் நிகழும் என்று காட்டினார். இந்நிகழ்ச்சி நமக்கு ஓர் எச்சரிக்கையும் ஆகும். இதன் உடல் நாம் கொடுப்பதற்கெல்லாம் விடை கூறும் உடல். ஆதலின் கண்டதையெல்லாம் கொடுத்துப் பார்த்தல் தகாது.

இதன் தாயகம் மெக்சிகோ நகரை ஒட்டிய சோச்சிமில்கோ, சால்கோ என்னும் ஏரிகள். சால்கோ ஏரி வடிக்கப்பட்டுவிட்டது. சோச்சிமில்கோவில் எஞ்சியவை கால்வாய்களே. அப்பகுதி கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் உதகமண்டலத்தின் உயரமும் ஏறத்தாழ அதுவே. உதகையின் குளிர்ந்த குளத்தில் வாழ்வதற்கு அமைந்த ஓர் உயிரை, சமவெளியின் சித்திரை வெயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் என்ன நேரும் என்பதை எண்ணிப் பார்த்தாலே, மெலிவின் காரணங்களுள் பெரியது விளங்கிவிடும்.

மெலிவை அறிதல்

விலங்கை மேலிருந்து நோக்கவேண்டும். நலமுள்ள ஆக்சலாட்டலின் வயிற்றின் அகலம் அதன் தலையின் அகலத்திற்கு ஏறத்தாழச் சமமாக இருக்கும். வயிறு தலையினும் நன்கு குறுகியிருந்தால் அது மெலிந்துள்ளது. வால் அடியில் சதை வற்றியிருத்தல், இடுப்பெலும்பு புடைத்துத் தெரிதல், கால்கள் குச்சிபோல் ஆதல் ஆகியவை முற்றிய மெலிவின் அறிகுறிகள். உண்ணாத விலங்கு முதலில் வயிற்றினுள் சேமித்த கொழுப்பையும் கல்லீரலின் சேமிப்பையும் செலவிடும். பின்னரே தசையைக் கரைக்கும். ஆகவே வாலில் சதை குறைந்தது கண்ணுக்குத் தெரியும்போது, பட்டினி நெடுநாளாக நடந்துவந்துள்ளது என்று கொள்ளலாம்.

வேறு சில குறிகளையும் காணவேண்டும். செவுள்கள் முன்நோக்கி வளைதலும், வால் நுனி சுருளுதலும் விலங்கு தொல்லைப்படுவதைக் காட்டும். செவுளின் மெல்லிய இழைகள் குட்டையாதல் பெரும்பாலும் நீர் கெட்டதன் விளைவு. ஆனால் செவுள் சுருங்குவதோடு வாலின் மேல் விளிம்பும் மறைந்து, கண்கள் புடைத்து இமையும் தோன்றுமானால் அது உருமாற்றமாக இருக்கலாம்; அதற்கு வேண்டிய பராமரிப்பு வேறு. முட்டையிட்டு முடித்த பெண் விலங்கும் திடீரென இளைத்துத் தோன்றும். அதனை ஆணிடமிருந்து பிரித்துவைத்து ஊட்டினால் தேறிவிடும்.

கண்ணளவு மட்டும் போதாது. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வேண்டும். சிறிது நீருள்ள பாத்திரத்தைத் தராசில் வைத்து, அளவைச் சுழிக்குக் கொண்டுவந்து, விலங்கை அதனுள் விட்டால் எடை தெரியும். வாரம் ஒருமுறை, அதே கிழமையில், தீனிக்கு முன்னர் நிறுத்து, ஏட்டில் குறித்துவரல் வேண்டும். மேலிருந்து ஒரு புகைப்படமும் எடுத்துவைத்தால் நலம். நாள்தோறும் பார்ப்பவர் கண்ணுக்கு மாற்றம் புலப்படாது; ஏடு அதனைக் காட்டிக் கொடுக்கும்.

ஏன் மெலிகிறது?

காரணங்களை ஐந்தாக வகுக்கலாம்.

முதலாவது, வெப்பம். ஆக்சலாட்டலுக்கு ஏற்ற நீர் 16 முதல் 18 டிகிரி வரை. 20 டிகிரிக்கு மேற்படாமல் காத்தல் நன்று. 24 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு இடர். இது தன் உடலின் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் விலங்கன்று. நீர் சூடேறினால் உடலும் சூடேறும். உடலின் எரிபொருட் செலவும் ஏறும். பத்து டிகிரி கூடினால் செலவு ஏறத்தாழ இருமடங்காகும். அதே வேளையில், சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். 18 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 9.5 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரி நீர் 7.5 மில்லிகிராம் அளவே தாங்கும். தேவை ஏறவும் வரவு குறையவுமான குடும்பம் எப்படி நொடித்துப் போகுமோ, அப்படியே இவ்வுடலும் நொடித்துப் போகிறது. அதோடு, சூட்டில் விலங்கு தீனியையும் வெறுத்துவிடும்.

இரண்டாவது, நீரின் நச்சு. ஆக்சலாட்டல் தன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகவே வெளியிடுகிறது. பழகிய தொட்டியில் ஒருவகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறுவகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றும். முன்னிரண்டும் நஞ்சு, மூன்றாவது குறைந்த அளவில் தீங்கற்றது. புதுத் தொட்டியில் இப்பாக்டீரியாக் கூட்டம் நிலைபெற நான்கு முதல் எட்டு வாரம் வரை ஆகும். தொட்டி வாங்கிய அன்றே விலங்கையும் வாங்கி விடுவோர் அதனை அதன் கழிவிலேயே குளிப்பாட்டுகின்றனர். நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கலாம். தெளிவு வேறு, தூய்மை வேறு. சோதனைத் திரவங்களைக் கொண்டு பார்த்தாலன்றி உண்மை தெரியாது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியாகவும், நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, குடலடைப்பு. ஆக்சலாட்டல் கடித்து மெல்லுவதில்லை. வாயைச் சட்டெனத் திறந்து, நீரோடு இரையையும் உறிஞ்சி விழுங்கும். அடியில் கூழாங்கற்கள் இருந்தால் அவையும் உள்ளே போகும். கல் விழுங்கிய விலங்கு உண்ணாது, கழிவும் போகாது. ஆதலின் தொட்டியின் அடி வெறுமையாக இருக்கலாம், அன்றி மிக நுண்ணிய மணல் இருக்கலாம், சரளை கூடாது.

நான்காவது, உடன் வாழ்வன. ஒரே தொட்டியில் பெரியதும் சிறியதும் இருந்தால் பெரியது தின்னும், சிறியது மெலியும். குஞ்சுகள் ஒன்றன் காலை மற்றொன்று கடித்துத் துண்டிக்கும். இழந்த காலை மீண்டும் வளர்த்துக்கொள்ளும் ஆற்றல் இவ்விலங்கிற்கு உண்டு என்பது புகழ்பெற்ற செய்தி. ஆனால் அந்தக் காலும் உண்ட உணவிலிருந்துதான் வளரவேண்டும். மீன்களோடு வைத்தால் அவை செவுள்களைக் கொறிக்கும்.

ஐந்தாவது, போதாத தீனியும் பொருந்தாத தீனியும். இதனை அடுத்துக் காண்போம். இவை ஐந்தும் இல்லாமலும் ஒரு விலங்கு மெலியுமாயின், குடற்புழுவோ உள்நோயோ இருத்தல் கூடும்.

முதற் பணி: நீரைத் திருத்துதல்

மெலிந்த விலங்கு கைக்கு வந்தவுடன் தொட்டி நீரைச் சோதிக்க வேண்டும். நீர் கெட்டிருந்தால், தொட்டி சீர்படும் வரை விலங்கைத் தனியே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்தல் நல்லது. பத்து லிட்டர் அளவு நீர் கொள்வதாகவும், உள்ளே திரும்புவதற்கு இடமுள்ளதாகவும், மூடியில் காற்றுத் துளைகள் உள்ளதாகவும் அது இருக்கவேண்டும். சோப்புப் படாத பாத்திரமாதல் இன்றியமையாதது. நாள்தோறும் அந்நீரை முழுவதும் மாற்றவேண்டும். புது நீர் பழைய நீரின் வெப்பநிலையிலேயே இருக்கவேண்டும்.

குழாய் நீரைக் குளோரின் நீக்காமல் ஊற்றுதல் செவுளைச் சுடும். நீரைத் திறந்துவைத்தால் குளோரின் போய்விடும் என்று சிலர் கூறுவர். குளோரமின் கலந்த நீருக்கு அம்முறை பயன்படாது; வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியைக் கலப்பதே பாதுகாப்பானது. மழைநீர், வடித்த நீர், சுத்திகரிப்புப் பொறியிலிருந்து வரும் மென்னீர் ஆகியவற்றை அப்படியே பயன்படுத்துதலும் தவறு. ஆக்சலாட்டலுக்குத் தாது உப்புகள் கொண்ட சற்றே கடினமான நீர் வேண்டும். ஆய்வுக்கூடங்களில் ஹோல்ட்பிரெட்டர் கரைசல் என்னும் உப்புக் கலவையை நீர்த்துப் பயன்படுத்துவது இதனால்தான்.

வெப்பத்தைக் குறைக்க, நீர்ப்பரப்பின்மேல் சிறு விசிறியை ஓடவிட்டால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி குறையும். வட இந்தியக் கோடைக்கும் கடற்கரை நகரங்களின் புழுக்கத்திற்கும் அது போதாது. நீரைக் குளிர்விக்கும் பொறி வேண்டியிருக்கும். பனிக்கட்டிப் புட்டிகளைப் போட்டு எடுத்தல் அவசரத்திற்கு உதவும். ஆனால் வெப்பநிலை ஏறி இறங்கி அலைதலும் ஒரு துன்பமே. விலங்கைக் குளிர்ப்பெட்டியில் வைக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. அக்குளிரில் செரிமானம் ஏறத்தாழ நின்றுவிடும். ஊட்டித் தேற்றவேண்டிய உடலுக்கு அது பொருந்தாது.

வெளிச்சம் மிகாமலும், நீரோட்டம் வேகமாக இல்லாமலும், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு உள்ளதாகவும் செய்தால் விலங்கு அமைதியுறும். கையால் அடிக்கடி தூக்குதல் கூடாது. வலையில் பிடித்தால் விரல்களும் செவுளும் சிக்கும். கிண்ணத்தால் நீரோடு மொண்டு எடுப்பதே முறை.

தீனி

இவ்விலங்கிற்குத் தலைசிறந்த தீனி மண்புழு. அதன் உலர் எடையில் பாதிக்கு மேல் புரதம்; சுண்ணாம்புச் சத்தும் உண்டு; மென்மையானது. பூச்சிமருந்தோ இரசாயன உரமோ படாத மண்ணிலிருந்து எடுத்து, நன்றாகக் கழுவிக் கொடுக்கவேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நம் நாட்டில் மண்புழு உரக்கூடங்களில் எளிதாகப் புழு கிடைக்கும். ஆனால் அங்கு வளர்க்கப்படுபவற்றுள் ஐசீனியா பெட்டிடா என்னும் சிறிய செம்புழு, தொந்தரவு செய்தால் மஞ்சள் நிறமான கசப்பு நீரைக் கசியவிடும். ஆக்சலாட்டல் அதனை வாயில் வாங்கி உடனே உமிழ்ந்துவிடும். "என் விலங்கு மண்புழுவே தின்பதில்லை" என்போர் பலர் இப்புழுவைக் கொடுத்தவராயிருப்பர். அதே கூடங்களில் கிடைக்கும் யூட்ரிலஸ் யூஜீனியே என்னும் பெரிய ஆப்பிரிக்கப் புழுவைக் கேட்டு வாங்கினால் இத்தொல்லை குறையும். செம்புழுதான் கிடைக்குமெனில், கொதிநீரில் ஒரு கணம் முக்கியெடுத்துக் கழுவிக் கொடுத்துப் பார்க்கலாம்.

உறையவைத்த இரத்தப்புழுவை ஆக்சலாட்டல் விரும்பித் தின்னும். ஆனால் அதில் நூற்றுக்கு ஏறத்தாழ தொண்ணூறு பங்கு நீரே. குஞ்சுகளுக்கு அது நல்ல தீனி. வளர்ந்த விலங்கு அதை மட்டும் தின்றால் வயிறு நிறைந்தும் உடல் மெலியும். எனவே வளர்ந்த விலங்கிற்கு அதனைப் பசியைத் தூண்டும் பண்டமாக மட்டும் கொள்க. நீரில் அமிழும் புரதக் குருணைகள் பயனுடையவை. அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்திலுள்ள ஆக்சலாட்டல் காப்பகத்தில் வளர்ந்த விலங்குகளைச் சால்மன் மீனுக்கான குருணைகள் கொடுத்தே வளர்க்கின்றனர்.

விலக்கவேண்டியவையும் உண்டு. கடையில் விற்கும் சிறு மீன்கள் நோயையும் ஒட்டுண்ணிகளையும் கொண்டுவரும். பொன்மீனில் தையமின் என்னும் உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் உண்டு. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி முதலியவற்றின் கொழுப்பு இவ்வுடலுக்குச் செரிப்பதன்று. கடினமான ஓடுடைய பூச்சிகளும் ஆகா. விரைவில் கொழுக்கட்டும் என்று கொழுப்பை ஊட்டுவது, பட்டினி கிடந்தவனுக்கு விருந்து வைப்பதைப் போன்றதே.

ஊட்டும் முறை

ஆக்சலாட்டலுக்குக் கண் கூர்மை குறைவு. மணத்தாலும் நீரின் அசைவாலும் இரையை உணர்கிறது. ஆகவே மாலையில், விளக்கைத் தணித்து, முனை மழுங்கிய இடுக்கியால் புழுத்துண்டைப் பிடித்து, அதன் வாயருகே மெல்ல அசைக்கவேண்டும். அது பாய்ந்து உறிஞ்சும்போது இடுக்கியை விட்டுவிடவேண்டும். அரைமணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுதல் வேண்டும். கிடந்து அழுகினால் அதுவே அம்மோனியாவாகும்.

22 செ.மீ. நீளமுள்ள ஓர் ஆக்சலாட்டல், வயிறு தலையில் பாதியளவே அகலமாக நம்மிடம் வந்தது எனக் கொள்வோம். முதல் நாள் நீரையும் வெப்பத்தையும் சீராக்கி, எடை குறித்து, அமைதியாக விட்டுவிடுக. இரண்டாம் நாள் மாலை இரண்டு செ.மீ. நீளப் புழுத்துண்டு ஒன்று கொடுக்கலாம். முதல் வாரம் முழுவதும் நாள்தோறும் ஒன்றிரண்டு துண்டுகள் போதும். நெடுநாள் வறண்ட குடல் திடீர்ச் சுமையைத் தாங்காது. கழிவு வெளிப்பட்டால் குடல் வேலை செய்கிறது என்று மகிழலாம். இரண்டாம் வாரம் நடுத்தரப் புழு ஒன்றை இரண்டாக நறுக்கி நாள்தோறும் கொடுக்கலாம். மூன்றாம் வாரம் முதல் அது விரும்பும் அளவு. வயிற்றின் அகலம் தலையின் அகலத்தை எட்டியதும் நிறுத்திக்கொண்டு, வாரம் இருமுறை அல்லது மும்முறை என்னும் வழக்கத்திற்கு வந்துவிட வேண்டும். இதற்குச் சில வாரங்களும் ஆகலாம். சில திங்களும் ஆகலாம். ஏட்டிலுள்ள எடை மெல்ல ஏறிக்கொண்டிருந்தால் அவசரம் வேண்டா.

தின்ன மறுத்தால் புழுவை இன்னும் சிறிதாக நறுக்குக. இரத்தப்புழுவின் சாற்றில் தோய்த்துக் கொடுத்துப் பார்க்க. மீண்டும் ஒருமுறை வெப்பமானியைப் பார்க்க. வாயை வற்புறுத்தித் திறந்து ஊட்டுதல் மட்டும் கூடாது. தாடையும் மென்மை, உள்ளுறுப்பும் மென்மை. குழாய் வழி ஊட்டுவது கால்நடை மருத்துவர் செய்யவேண்டிய பணி.

நீர் சீரான பின்னும் ஒரு வாரத்திற்கு மேலாக எதையும் தொடாதிருத்தல், தின்றும் எடை இறங்குதல், வயிறு வீங்கி மிதத்தல், தோலில் புண் அல்லது சிவப்பு படர்தல், செவுளில் பஞ்சுபோல் பூஞ்சை படர்தல் ஆகியவற்றுள் எது கண்டாலும் மருத்துவரை நாடவேண்டும். புதிய கழிவைச் சிறு புட்டியில் கொண்டுசென்றால் குடற்புழு உண்டா என்று நுண்பெருக்கியில் பார்த்துச் சொல்வர். மனிதருக்குரிய மருந்துகளையும் மீன் மருந்துகளையும் நாமே கலந்து ஊற்றுதல் தீது. இவ்விலங்கின் தோல் எதையும் உறிஞ்சிக்கொள்ளும்.

வளர்ப்போர் கடமை

ஆக்சலாட்டல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் 1975 முதல் உள்ளது. நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அப்பட்டியலிலுள்ள உயிர்களை வைத்திருப்போர் அரசுக்கு அறிவித்துப் பதிவு செய்தல் வேண்டும். இதனை அறியாமல் வாங்குதல் நன்றன்று. குளிர்ந்த நீருக்கு வழிசெய்ய இயலாதவர் வாங்காதிருப்பதே இவ்வுயிருக்குச் செய்யும் நன்மை. வளர்க்க முடியவில்லையென்று ஏரியிலோ குளத்திலோ விடுதல் அதனையும் கொல்லும், அந்நீர்நிலைக்கும் கேடாகலாம்.

உலகெங்கும் தொட்டிகளில் ஏராளமாக வாழும் இவ்விலங்கு, தன் தாயகத்தில் அழிவின் விளிம்பில் நிற்கிறது. சோச்சிமில்கோவில் 1998-இல் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 என மதிப்பிடப்பட்டது, 2014-இல் 36 ஆகக் குறைந்தது. நகரக் கழிவு கலந்த நீரும், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட கெண்டை, திலாப்பியா மீன்களுமே பெருங்காரணங்கள். அங்கும் குறை நீரில்தான் தொடங்கியது. அதனால் மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கால்வாய்களின் சில பகுதிகளைத் தடுத்து, நீரை வடிகட்டி, தூய்மையாக்க முனைந்தனர். காப்பில் வளர்ந்த 18 ஆக்சலாட்டல்களைத் திருத்தப்பட்ட நீர்நிலைகளில் விட்டுக் கண்காணித்த ஆய்வு ஒன்று 2025-இல் வெளிவந்தது. அவை உயிர்வாழ்ந்தன, மீண்டும் பிடித்து நிறுத்துப் பார்த்தவை எடை கூடியிருந்தன. அங்கே யாரும் இடுக்கியால் புழு ஊட்டவில்லை. நீர் நன்றாயிருந்தது, இரையை அவையே தேடிக்கொண்டன.

நம் வீட்டுத் தொட்டிக்கும் இதுவே பாடம். மெலிந்த உயிரைக் கண்டால் இரங்குவது மனித இயல்பு. அவ்விரக்கம் முதலில் வெப்பமானியையும் சோதனைத் திரவத்தையும் தேடட்டும். பிறகு புழுவைத் தேடட்டும். வாரந்தோறும் தராசில் தன்னைச் சோதித்துக்கொள்ளட்டும். அப்போதுதான் அது அவ்வுயிருக்குப் பயன்படும்.